கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம்: விருந்தாளிகள் கேட்பதும் நான் சொல்வதும்

கோலாலம்பூரில் ஒரு வீடும் ஒரு காரும் இருந்தால் போதும், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நீங்கள்தான் வழிகாட்டி. காலையில் பத்துமலை, மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் இரட்டைக் கோபுரம் நிற்கிற கேஎல்சிசி. எங்கள் வீட்டில் இந்த வரிசை மாறியதே இல்லை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தவுடன் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அடுத்த முறை வருகிறவர்கள் விமானத்திலேயே படித்துவிட்டு வரட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எத்தனை மாடி, எவ்வளவு உயரம்?

88 மாடி. தரையிலிருந்து உச்சிக் கூர்முனை வரை 451.9 மீட்டர். காலையில் பத்துமலையில் பார்த்த முருகன் சிலை 42.7 மீட்டர். அந்த மாதிரிப் பத்துச் சிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் இன்னும் 25 மீட்டர் குறையும்.

88 என்றதும் சிலர் கண்ணைச் சிமிட்டுவார்கள். சீனர்களுக்கு எட்டு ராசியான எண், இரண்டு எட்டு இரட்டை ராசி. அதற்காகவே 88 வைத்தார்கள் என்று இங்கே பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோனாஸ் என்பது யார்?

மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனம். 1974-ல் தொடங்கப்பட்டது. நாட்டின் எண்ணெயும் எரிவாயுவும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. முதல் கோபுரத்தின் பெரும்பகுதியில் அவர்களுடைய அலுவலகம், இரண்டாவது கோபுரத்தில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிகள். அடியில் சூரியா கேஎல்சிசி பேரங்காடி, உள்ளேயே ஒரு இசை அரங்கம். பெரும்பாலான விருந்தாளிகளுக்குப் பேரங்காடியின் குளிர்சாதனம்தான் முதலில் பிடிக்கிறது. வெயில் அப்படி.

கோபுரத்துக்கு முன்னால் இந்த இடத்தில் என்ன இருந்தது?

குதிரைப் பந்தயத் திடல். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, 1896 முதல், சிலாங்கூர் டர்ஃப் கிளப் இங்கேதான் பந்தயம் நடத்திவந்தது. ஊர் வளர்ந்தபோது திடல் நடு ஊரில் மாட்டிக்கொண்டது. பந்தய நாட்களில் ஜாலான் அம்பாங் சாலைப் பக்கம் கார் நகராது. கடைசியில் கிளப்பை சுங்கை பெசிக்கு மாற்றிவிட்டு, அந்த நூறு ஏக்கரில் ஒரு குட்டி நகரமே எழுப்புவது என்று முடிவானது. அதில் பாதியைப் பூங்காவாக விட்டுவிட்டார்கள். பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் ரொபேர்த்து புர்லே மார்க்ஸ் அமைத்த பூங்கா அது. நூறு ஏக்கரையும் விற்றுக் காசாக்காமல் பாதியை மரத்துக்கு விட்டதுதான் இந்தத் திட்டத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த விஷயம்.

ஒரு தமிழர்தான் இதைக் கட்டினார் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சில சமயம் கேள்வியாக வராது, "நம்ம ஆளு கட்டினது தெரியுமா?" என்று நமக்கே பாடமாக வரும்.

பாதி உண்மை. ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில், 1938-ல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர். மதியம் நாம் சாப்பிட்ட அதே பிரிக்ஃபீல்ட்ஸ். அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, மெல்பர்ன் போய், ஹார்வர்டு போய், எண்ணெய் வியாபாரத்தில் இறங்கி, பிற்பாடு மேக்சிஸ் தொலைபேசி, அஸ்ட்ரோ தொலைக்காட்சி என்று வளர்ந்தவர். பந்தயத் திடல் நிலத்தை வாங்கி அங்கே ஒரு புதிய நகர மையம் கொண்டுவரும் திட்டத்தை நகர்த்தியவர் அவர்தான். பெட்ரோனாஸ் பிறகு சேர்ந்துகொண்டது. அதன் பணமும் பெயரும் வந்த பிறகு, அன்றைய பிரதமர் மகாதீரின் பார்வையில் அது நாட்டின் அடையாளமாகவே மாறிவிட்டது.

ஆக, "தமிழர் கட்டினார்" என்பது கொஞ்சம் அதிகம். "இந்த நிலத்தில் இப்படி ஒன்று வர வழி செய்தவர்களில் ஒரு தமிழர் முக்கியமானவர்" என்பது சரியான கணக்கு. மேடையில் அதிகம் தோன்றாத மனிதர். 2024 நவம்பரில் காலமானார். இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மேக்சிஸ் கோபுரமும் அவர் வழி வந்ததே. படம் எடுக்கும்போது அதை ஓரத்தில் வெட்டிவிடுகிறோம்.

வடிவமைத்தது யார்? ஏன் இப்படி மடிப்பு மடிப்பாக இருக்கிறது?

அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த சீசர் பெல்லி. 1991-ல் நடந்த போட்டியில் அவருடைய வடிவம் தேர்வானது.

மடிப்புக்குக் காரணம் தரைப்படம். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தைச் சற்றுத் திருப்பி வையுங்கள். எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். பள்ளிவாசல் ஓடுகளிலும் மரச் சன்னல்களிலும் காலங்காலமாக இருக்கிற இஸ்லாமிய வடிவம் அது. கட்டடம் மலேசியாவின் முகமாக இருக்கவேண்டும், நியூயார்க்கிலிருந்து பெயர்த்துவந்தது போல் இருக்கக்கூடாது என்பது மகாதீரின் விருப்பம். நட்சத்திரத்தை அப்படியே விட்டால் உள்மூலைகள் நெருக்கிக்கொண்டு அறைகளுக்கு இடம் குறையும். அதனால் ஒவ்வொரு உள்மூலையிலும் ஒரு அரைவட்டத்தைச் சேர்த்தார் பெல்லி. எட்டு கூர், எட்டு வளைவு. கீழே நின்று பார்க்கும்போது சுவர் ஒரு இடத்தில் கத்தி போலவும் அடுத்த இடத்தில் தூண் போலவும் தெரிவது அதனால்தான்.

அத்தை ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இது நம்ம வாசலில் போடுற கோலம்தானே" என்றார். தவறில்லை. இரண்டு சதுரம் கோத்த நட்சத்திரம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை.

ஏன் இரண்டு? ஒன்றையே இன்னும் உயரமாகக் கட்டியிருக்கலாமே?

நல்ல கேள்வி. பதில் கட்டடத்தில் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தில் இருக்கிறது.

ஒரு கம்பம் நட்டால் அதைப் பார்ப்போம். இரண்டு கம்பம் நட்டால் வாசல் ஆகிவிடும், உள்ளே நுழையத் தோன்றும். பெல்லி இதை விளக்கும்போது சீன ஞானி லாவோட்சுவைத் துணைக்கு அழைப்பார். குடத்தின் பயன் மண்சுவரில் இல்லை, உள்ளே இருக்கிற வெற்றிடத்தில் இருக்கிறது என்கிற கருத்து அது. இரண்டு கோபுரமும் அவற்றை இணைக்கும் பாலமும் சேர்ந்து வானத்துக்கு ஒரு வாசற்கால் போல நிற்கவேண்டும் என்று நினைத்தார். இரவில் பூங்காப் பக்கமிருந்து பார்த்தால் அது புரியும். வெளிச்சம் விழுந்த இரண்டு கோபுரங்களைவிட நடுவில் இருக்கிற கறுப்புத் துண்டுதான் கண்ணை இழுக்கும்.

உலகின் மிக உயரமான கட்டடம் என்கிற பட்டம் இதன் கையைவிட்டுப் போய் இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் நிழலை மட்டும் காட்டினால்கூட யாரும் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள் என்றால் இந்த வெற்றிடத்தால்தான் என்பது என் கட்சி. இதைவிட உயரமான சில கட்டடங்களின் பெயர் தெரியும், உருவம் நினைவுக்கு வராது. உயரமான இரட்டையர் என்ற பட்டம் இன்னும் இதனிடமே இருக்கிறது.

நடுவில் இருக்கும் பாலம் எதற்கு? கோபுரம் ஆடினால் அறுந்துவிடாதா?

41, 42 ஆகிய இரண்டு மாடிகளில் இரண்டடுக்காகப் போகிறது பாலம். தரையிலிருந்து 170 மீட்டர் உயரம், 58 மீட்டர் நீளம், சுமார் 750 டன் எடை. தரையில் துண்டுகளாகச் சேர்த்து 1995 ஆகஸ்டில் மேலே தூக்கினார்கள்.

அறுந்துவிடாது. காற்றில் இரண்டு கோபுரமும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடினால் பிரச்சினை இல்லை, ஆனால் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் ஆடலாம். பாலத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஏதாவது ஒன்று பிய்ந்திருக்கும். அதனால் 29-ஆவது மாடியிலிருந்து சாய்வாக எழும் இரண்டு கால்கள் நடுவில் பாலத்தைத் தாங்குகின்றன. ஓரங்கள் கோபுரத்தோடு ஒட்டாமல் வழுக்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். கவட்டைக்கிளை மேல் பலகை வைத்தது போல.

தீ பிடித்தால் ஒரு கோபுரத்திலிருந்து மற்றதற்குத் தப்பிப் போவதும் பாலத்தின் வேலைதான். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது 2001 செப்டம்பர் 12-ல் தெரிந்தது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த மறுநாள், இங்கே வெடிகுண்டுப் புரளி. இரண்டு கோபுரத்தையும் ஒரே நேரத்தில் காலி செய்யவேண்டி வந்தது. பாலம் என்ன செய்யும்? அந்தப் பக்கமும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், படிக்கட்டு கொள்ளவில்லை. அதன் பிறகு, இரண்டையும் காலி செய்யும் நிலை வந்தால் லிஃப்டையும் பயன்படுத்துவது என்று திட்டத்தை மாற்றினார்கள்.

அடித்தளம் எவ்வளவு ஆழம்?

பத்துமலையில் படியேறும்போது பக்கத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பாறை பார்த்தோமே, சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துத்தான் அங்கே குகை உண்டானது. கோலாலம்பூருக்கு அடியிலும் அதே வகைப் பாறைதான், அதே மாதிரி பொந்துகளோடு. கோபுரத்துக்காக மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் பாறை மேலேயே இருக்கிறது, இன்னொரு பக்கம் செங்குத்தாகக் கீழே போய்விடுகிறது என்று தெரிந்தது. ஒரு கால் பாறையில், ஒரு கால் மண்ணில் நின்றால் கோபுரம் சாயும். எனவே கட்டும் இடத்தையே 60 மீட்டர் தள்ளிவைத்தார்கள்.

தள்ளிவைத்த இடத்தில் பாறையைத் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 கான்கிரீட் தூண்களை 60 முதல் 115 மீட்டர் ஆழம் வரை மண்ணுக்குள் இறக்கினார்கள். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பிலேயே அவை நிற்கின்றன. சேற்றில் ஆழமாகக் குத்திய கழியைப் பிடுங்க முடியாதே, அந்த மாதிரிப் பிடிப்பு. அவற்றின் மேல் நாலரை மீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் மெத்தை. 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள். கீழே இருக்கிற பொந்துகளைச் சிமெண்ட் கலவை செலுத்தி அடைத்தார்கள்.

ஊரில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அனுபவம் உள்ள பெரியப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், "அப்போ செலவில் பாதி மண்ணுக்குள்ளேயே போயிருக்கும்" என்றார். பாதி இல்லை, ஆனால் அவர் திசை சரிதான்.

பளபளவென்று இருக்கிறதே, எஃகுக் கட்டடமா?

மேலே போர்த்தியிருப்பது துருப்பிடிக்காத எஃகும் கண்ணாடியும். எலும்பு கான்கிரீட். நடுவில் 23 மீட்டர்ச் சதுரத்தில் ஒரு கெட்டியான தண்டு, அதைச் சுற்றி வட்டமாக 16 பெருந்தூண்கள். அமெரிக்காவில் என்றால் அந்தக் காலத்தில் இரும்புச் சட்டத்தில்தான் எழுப்பியிருப்பார்கள். மலேசியாவுக்கு அவ்வளவு இரும்பை இறக்குமதி செய்வது கட்டுப்படியாகாது, கான்கிரீட் வேலை தெரிந்த ஆட்களோ இங்கேயே இருந்தார்கள். கான்கிரீட் கனம் அதிகம், ஆனால் காற்றில் ஆட்டம் குறைவு.

அதிலும் ஒரு சோதனை வந்தது. வழக்கமான பரிசோதனையில் ஒரு தொகுதிக் கான்கிரீட் போதிய வலிமை இல்லாமல் போனது. வேலை மொத்தமாக நின்றது. கட்டிய மாடிகளையெல்லாம் சோதித்து, கோளாறான ஒரு மாடியை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். பிறகு கட்டுமான இடத்திலேயே மூன்று கான்கிரீட் ஆலைகள் வைத்து, ஒவ்வொரு கலவையையும் சோதித்த பிறகே ஊற்றினார்கள்.

ஒன்றை ஜப்பான்காரனும் ஒன்றைக் கொரியாக்காரனும் கட்டினார்களாமே?

ஆமாம். முதல் கோபுரம் ஜப்பானின் ஹசாமா தலைமையிலான குழு. இரண்டாவது, கொரியாவின் சாம்சங், குக்டோங் குழு. வேலையை இரண்டாகப் பிரித்தால் சீக்கிரம் முடியும் என்பது கணக்கு. ஜப்பான் கொரியாவை ஆண்ட கதை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். பின்னால் தொடங்கிய கொரியர்கள் முன்னால் முடித்தார்கள். 

சாய்ந்திருக்கிறது என்று எங்கோ படித்தேன், எந்தக் கோபுரம்?

இரண்டாவது கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும்போது, 72-ஆவது மாடிவாக்கில், நேர்க்கோட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் விலகியிருப்பதைக் கண்டார்கள். ஒரு அங்குலம்! அடுத்த 16 மாடிகளை எதிர்ப்பக்கம் 20 மில்லிமீட்டர் சாய்த்துச் சரிக்கட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறது என்று சொன்னால் கழுத்து வலி என்று அர்த்தம்.

உண்மையிலேயே உலகத்திலேயே உயரமானதாக இருந்ததா, இல்லை சும்மா சொன்னார்களா?

இதற்கு உட்கார்ந்துதான் பதில் சொல்லவேண்டும். நீரூற்றுப் பக்கம் திண்டு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே உயரமான அலுவலகக் கட்டடம் என்ற பட்டம் அமெரிக்காவிலேயே இருந்தது. 1885-ல் சிகாகோவில் பத்து மாடிக் காப்பீட்டுக் கட்டடம் ஒன்றில் உலோகச் சட்டம் சுமையைத் தாங்கியது. அங்கிருந்து கதை ஆரம்பம். 1930-ல் கிரைஸ்லர், 1931-ல் எம்பயர் ஸ்டேட், எழுபதுகளில் உலக வர்த்தக மையம், அப்புறம் சிகாகோவின் சியர்ஸ் கோபுரம். அந்த சியர்ஸின் எலும்புக்கூட்டைக் கணக்கிட்டவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். 110 மாடி, கூரை வரை 442 மீட்டர்.

1996-ல் பெட்ரோனாஸ் கோபுரத்தின் உச்சியில் கூர்முனையை ஏற்றினார்கள். அந்தக் கூர்முனை மட்டும் 73.5 மீட்டர். மொத்தம் 451.9. சியர்ஸைவிடப் பத்து மீட்டர் கூடுதல். உயரமான கட்டடங்களுக்கான மன்றம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, அளவு விஷயத்தில் அது சொல்வதுதான் தீர்ப்பு. அது மலேசியாவுக்குப் பட்டம் கொடுத்தது.

சிகாகோக்காரர்களுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். சியர்ஸில் ஆள் போய் நிற்கக்கூடிய கடைசி மாடி 413 மீட்டரில், பெட்ரோனாஸில் 375 மீட்டரில். சியர்ஸின் கூரைக்கு மேல் இருக்கும் தொலைக்காட்சி ஆன்டெனாவையும் சேர்த்தால் அது 500 மீட்டரைத் தாண்டிவிடும். "உங்கள் ஊசியைக் கணக்கில் எடுப்பார்கள், எங்கள் ஆன்டெனாவை எடுக்கமாட்டார்களா?"

மன்றத்தின் பதிலை நமக்குத் தெரிந்த கோபுரத்தை வைத்தே சொல்லிவிடலாம். கோயில் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும்போது கலசத்தைச் சேர்க்கிறோம். கலசம் இல்லாமல் கோபுரம் முடியவில்லை, குடமுழுக்கே அதற்குத்தான். அதே கோபுரத்தில் மார்கழி மாதம் பாட்டுப் போட ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கம்பு வைத்துக் கட்டினால் அதைக் கோபுரத்தின் உயரம் என்று யாராவது சொல்வார்களா? நாளைக்கே கழற்றிவிடலாம், கோபுரத்துக்கு ஒன்றும் குறையாது. பெல்லியின் கூர்முனை கலசம், சியர்ஸின் ஆன்டெனா குழாய். விதி இவ்வளவுதான்.

இருந்தாலும் சச்சரவு அடங்கவில்லை. அதே 1996-ல் மன்றம் உயரத்தை நாலு விதமாகப் பிரித்தது: வடிவமைப்பின் உச்சி, ஆள் புழங்கும் கடைசி மாடி, கூரை, ஆன்டெனா முனை. கூரைக்கும் மாடிக்கும் சியர்ஸ், வடிவமைப்பின் உச்சிக்கு பெட்ரோனாஸ். வெளியே எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டது அந்த முதல் பட்டத்தைத்தான்.

கூர்முனையை வைத்து ஜெயிப்பது மலேசியா கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1929-ல் நியூயார்க்கில் கிரைஸ்லர் கட்டடத்துக்கும் வால் ஸ்ட்ரீட்டில் எழுந்த இன்னொரு கட்டடத்துக்கும் போட்டி. கிரைஸ்லர் தரப்பு ஒரு எஃகு ஊசியைக் கட்டடத்துக்குள்ளேயே மறைவாகப் பூட்டி வைத்திருந்து, அக்டோபரில் ஒருநாள் மேலே தூக்கி நிறுத்தியது. எதிராளி முழிப்பதற்குள் 319 மீட்டர். அந்த நாடு நமக்கு நியாயம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இப்போதும் இதுதான் உயரமானதா?

2004-ல் தைவானின் தைப்பே 101, 508 மீட்டரோடு முந்தியது. 2010-ல் துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டரில் போய் நின்றது. கோலாலம்பூரிலேயே மெர்டேக்கா 118 வந்துவிட்டது. 678.9 மீட்டர், உலகில் இரண்டாவது, 2024 ஜனவரியில் திறந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31-ல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த மைதானம் அதன் காலடியில் இருக்கிறது. கையை உயர்த்தி அவர் "மெர்டேக்கா", அதாவது சுதந்திரம், என்று முழங்கிய காட்சியை அதன் வடிவம் நினைவூட்டுகிறது என்கிறார்கள். அதன் உச்சியிலும் 160 மீட்டருக்கு மேல் ஊசிதான். விட்ட குறை தொட்ட குறை.

இவ்வளவு பணம் கொட்டி இப்படி ஒன்று தேவையா?

சித்தப்பா முறையில் ஒருவர் இதைக் கேட்டார். அவர் இளவயதில் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

1991-ல் மகாதீர் "வாவாசான் 2020", அதாவது தொலைநோக்கு 2020, என்ற திட்டத்தை அறிவித்தார். 2020-க்குள் வளர்ந்த நாடு ஆகவேண்டும். அதுவரை வெளியுலகத்துக்கு மலேசியா என்றால் ரப்பர், ஈயம், செம்பனை. "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கப்பட்ட நாடு. சொல்லால் பதில் சொல்வதற்குப் பதில் கட்டிக் காட்டினார்கள். ஐந்து ரிங்கிட் நோட்டில் கோபுரத்தை அச்சிட்டார்கள். அந்தப் பெருமை பொய்யில்லை. நானும் பட்டிருக்கிறேன்.

ஆனால் பெட்ரோனாஸ் ஊழியர்கள் குடிவந்த அதே 1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்று இருந்தது, சில மாதங்களில் நாலரையைத் தாண்டியது. வேலை போனவர்கள் அண்ணாந்து பார்த்தால் தெரிந்தது இந்தக் கோபுரம். 1999 ஆகஸ்ட் 31-ல், சுதந்திர நாளில், அதிகாரபூர்வமாகத் திறந்தபோது அதற்கு இரண்டு அர்த்தம் வந்திருந்தது. சிலருக்கு "விழவில்லை, நிற்கிறோம்." சிலருக்கு "இந்தக் காசில் எத்தனை பள்ளிக்கூடம்?" சித்தப்பாவுக்கு நான் இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார், ஆனால் படத்துக்கு நிற்க மறுக்கவில்லை.

அடையாளம் என்பதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு சங்கதி. 1999-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் கோபுரத்துக்குக் கீழே ஆற்றோரக் குடிசைகள் இருப்பது போல் காட்டினார்கள். அந்தக் குடிசைகள் மலாக்காவில் எடுத்தவை, இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒட்டுவேலை. மகாதீர் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். கோபுரத்தைத் தவறாகக் காட்டினால் நாட்டைத் தவறாகக் காட்டியதாக ஆகும் அளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன.

உயரமான கட்டடம் கட்டினால் பொருளாதாரம் விழும் என்கிறார்களே?

1999-ல் ஆண்ட்ரூ லாரன்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் கிளப்பிவிட்ட விஷயம். எம்பயர் ஸ்டேட் திறந்தபோது பெருமந்தம், வாடகைக்கு ஆள் இல்லை. பெட்ரோனாஸுக்கு 1997. அவர் எழுதிய பிறகு துபாயும் ஒத்துவந்தது. கட்டி முடியும் நேரத்தில் கடன் நெருக்கடி, அபுதாபி கைகொடுத்தது, திறப்பு விழா அன்று "புர்ஜ் துபாய்" அபுதாபி ஆட்சியாளர் பெயரில் "புர்ஜ் கலீஃபா" ஆனது.

சாபம் எல்லாம் இல்லை. கையில் பணம் புரளும்போது, கடன் மலிவாகக் கிடைக்கும்போது பெரிதாகத் திட்டம் போடுவார்கள். கட்டி முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் நல்ல காலம் முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். கல்யாண மண்டபம் பிடிக்கும்போது இருந்த தங்க விலை தாலி வாங்கும்போது இருப்பதில்லை அல்லவா?

யாரோ சுவரைப் பிடித்தே ஏறினாராமே?

பிரான்ஸ்காரர் அலன் ரொபேர். 1997 மார்ச் 20-ல் ஏறினார், 60-ஆவது மாடியில் பிடித்துவிட்டார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, 2007 மார்ச் 20-ல் மற்ற கோபுரத்தில் முயன்றார், அங்கும் 60-ஆவது மாடியில் பிடிபட்டார். 2009-ல் மூன்றாவது முறை உச்சிக்கே போய்விட்டார்.

நாம் எப்படிப் போவது? படம் எங்கிருந்து எடுப்பது?

சீட்டு வாங்கித்தான். பாலத்துக்கும் 86-ஆவது மாடிக்கும் அழைத்துப்போவார்கள். திங்கட்கிழமை கிடையாது. சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் முன்பதிவு செய்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். போன் செய்துவிட்டு முன்பதிவு செய்யாதீர்கள். உயரம் பயமாக இருந்தால் பூங்காவிலேயே உட்காரலாம், நானும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன்.

படம் எடுப்பதில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ஆளை முழுதாக எடுக்கப் போய், உலகப் பட்டத்தையே வாங்கிக் கொடுத்த அந்த 73 மீட்டர் கலசத்தை வெட்டிவிடுகிறார்கள். போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா தரையை ஒட்டி இருக்கும்படி வைத்து, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து எடுங்கள். ஆளும் வருவார், உச்சியும் வரும். அங்கே நூறு ரிங்கிட் கேட்டு லென்ஸ் விற்க வருகிறவரிடம் தமிழில் பேரம் பேசிப் பார்க்க வேண்டாம். அவருக்குப் புரியும்.